கை கியர்

என் மாமா இதுவரை எத்தனை கார்களுக்கு இடது பின்கதவு ரப்பர் மாட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் அதுதான் அவர் வேலை. லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டி தன்னைத் தாண்டுவதற்குள் கதவைச் சுற்றி ரப்பரை அழுத்திவிட வேண்டும், அப்புறம் அது அடுத்த ஆளின் பாடு. வலது பின்கதவுக்கு யார் மாட்டுகிறார்கள் என்று கேட்டால், "அந்தாண்ட ஒருத்தன் கீறான், மூஞ்ச சரியா பாத்ததில்ல" என்பார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு முழுக் காரை வீட்டு வாசலிலேயே கட்டி முடித்துவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் கார் தண்டலத்தில் ஒரு ஷெட்டில் கிடந்தது. பழைய அம்பாசடர். ஒரு சாஃப்ட்வேர்காரர் ஆசை ஆசையாக வாங்கிப் பிரித்துப்போட்டு, புது எஞ்சின், புது கியர் பெட்டி, புது பிரேக் என்று மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு வெளிநாட்டு வேலை வந்துவிட்டது. வெளியே பார்க்கப் பழசு, உள்ளே எல்லாம் புதுசு, இதற்கு ரெஸ்டோமாட் என்று பேர் என்று மாமா விளக்கினார். "இன்னாடா அது, மாத்திர பேராட்டம் கீது" என்றார் தாத்தா.

"தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிட்ச்சாம் நைனா. மிச்சம் சில்லற வேலதான்."

பாதியில் நிற்கிற வண்டியை விற்பவர் யாரும் தொண்ணூறுக்குக் கீழே சொல்வதில்லை என்பது எங்கள் வீட்டில் அப்போது ஒருவருக்கும் தெரியாது. மாமா பைக்கை விற்றார், கம்பெனி பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார். வண்டி ஒரு மினி லாரியின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது. கூடவே நாலைந்து கோணிகளில் கழற்றிய சாமான்கள். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மாப்ள வந்துட்டாரு, ஆரத்தி எங்க?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

மாமாவுக்கு அந்த வண்டிமேல் அவ்வளவு ஆசை வந்ததற்குக் காரணம் தாத்தா. தாத்தா பட்டணத்தில் ஒரு முதலாளிக்கு இதே மாதிரி காரைக் காலமெல்லாம் ஓட்டியவர். பின் சீட்டைத் தினமும் துடைத்திருக்கிறார், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. முதலாளி புதுக் கார் எடுத்தபோது பழைய காரையும் தாத்தாவையும் ஏறக்குறைய ஒன்றாகவே அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு தாத்தா எந்த வண்டியையும் தொடவில்லை. நெஞ்சில் அடிக்கடி வலி வேறு வந்துகொண்டிருந்தது. "நைனா நல்லா நடமாடிகினு கீறப்பவே, பின் சீட்ல முதலாளி குந்தற எடத்துல குந்தவெச்சு, ஏசி போட்டு, செம்பரம்பாக்கம் ஏரி வரிக்கும் இட்டுகினு போயிடணும்க்கா" என்று மாமா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏரி தாத்தா கேட்டதா, மாமாவே முடிவு செய்ததா என்று தெரியாது. அதை யாரும் தாத்தாவிடம் கேட்டதில்லை.

இங்கே கம்பெனிப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் உபயோகமில்லாத பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. அப்படி எதையாவது கண்டால் சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியாக ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள். தேவைப்படுகிறவர் வந்து, எனக்கு வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் வரை யாரும் கேட்கவில்லையென்றால் அது காயலான் கடைக்கு. இந்த ஒழுங்குக்காக மாமாவின் லைனுக்குப் பரிசு கிடைத்து, அதில் வந்த சுவர்க் கடிகாரம் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தது. வீட்டில் எதையும் கண்ட இடத்தில் வைக்க முடியாது. அம்மா ஒருமுறை, "டேய், என்ன ஒரு நாளைக்கி சீட்டு ஒட்டி வெளியில வெச்சிடப்போற" என்று திட்டியிருக்கிறாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமாவும் அவருடைய சிநேகிதர் தென்காசிக்காரரும் கோணிகளைப் பிரித்தார்கள். தென்காசிக்காரர் அதே கம்பெனியில் ஒயர் மாட்டுகிறவர், பக்கத்தில்தான் வாடகை அறையில் இருந்தார். வண்டியை விற்றவர், பழசு எதையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கம்பெனியில் வேலை பார்த்தவரா என்ன? புதுப் பகுதி பொருத்திவிட்ட இடத்தில் பழையதற்கு என்ன வேலை? துருப்பிடித்த ரேடியேட்டர், முன்பக்கத்து நீள சீட்டின் கம்பிகள், பழைய ஸ்டியரிங் தண்டு, எல்லாவற்றுக்கும் சிவப்புத் தாள் ஒட்டி வாசல் வேப்பமரத்தடியில் வரிசையாக அடுக்கினார்கள். அடுக்கியது அவ்வளவு அழகாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் ஏதோ விற்பனை என்று நினைத்து விலை கேட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க தாத்தா சாயங்காலம் ஆனால் வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொள்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் பக்கத்தில் குந்துவேன். ஒரு நாள் அந்த வரிசையிலிருந்து நுனியில் கறுப்புக் குமிழ் வைத்த வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். துண்டால் துடைத்தார். குமிழை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"இது இன்னா தாத்தா?"

"கை கியரு."

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் காலத்து அம்பாசடரில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிறகு அதை எடுத்த இடத்திலேயே, சிவப்புத் தாள் மேலே தெரியும்படி, திரும்ப வைத்தார்.

வாரம் முடிந்தது. காயலான் கடை வண்டி வந்தது. மாமா முறைப்படி கேட்டார். "நைனா, இதுல உனுக்கு எதுனா வோணுமா?"

தாத்தா வரிசையைப் பார்த்தார். "உன் வண்டி. எனுக்கு இன்னாத்துக்குடா?"

கேட்கவில்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம், கம்பெனியில் அப்படித்தான். முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டாலும் 'ஒண்ணும் வேணாங்க' என்று சொல்லிச் சொல்லியே தழும்பேறிய வாய் அது என்பதை மாமா யோசிக்கவில்லை. கம்பி போயிற்று.

மிச்சம் பத்து பர்சென்ட் எங்களைப் படுத்திய பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. லைனில் வருகிற சாமான் வந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். இங்கே எதுவும் உட்காரவில்லை. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. தென்காசிக்காரர், "ஏதோ ஒண்ணு ஆடுதுல்லா, அதுக்குச் சந்தோசப்படுங்க அண்ணாச்சி" என்றார். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். முன் சீட்டில் கோழி அடை உட்கார்ந்தது. "சீக்கிரம் ஏசிய போடுடா, கோழியாவது சொகுசா இருக்கட்டும்" என்றாள் அம்மா. எல்லாவற்றுக்கும் நடுவில் மாமா ஒரே ஒரு வேலையை மனசார முடித்திருந்தார். இடது பின்கதவு. மற்ற மூன்று கதவுகளும் அடித்துச் சாத்தினால்தான் மூடும். அது மட்டும் ஒரு விரலால் தள்ளினால், தலையணைமேல் தலையணை விழுந்த மாதிரி மூடிக்கொள்ளும்.

காணும் பொங்கலன்று வண்டி கிளம்பியது. பெயிண்ட் அடிக்கவில்லை, சாம்பல் நிறப் பூச்சோடுதான். தாத்தா குளித்து, பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்ட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். டிரைவராக இருந்த காலத்து உடுப்பு, இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பண்டிகைக்கு உடுத்தியிருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

மாமா அந்தக் கதவைத் திறந்து இடுப்பை வளைத்து, "ஏறுங்க முதலாளி" என்றார். எதிர்வீட்டு அக்கா கை தட்டினாள். தாத்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். சுற்றி வந்தவர் நேராக வலது முன்கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"பழக்கதோஷம்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தாத்தாவின் இடது கை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உயர்ந்தது. விரல்கள் மடங்கின. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"அது இப்ப கீழ கீது நைனா. அஞ்சு கியரு!" என்றார் மாமா, பெருமையாக.

தாத்தா இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து பார்த்தார். "ஓ" என்றார். இறங்கினார். "நீயே ஓட்டுடா. எனுக்கு இது பழக்கமில்ல." சுற்றி வந்து, திறந்தே இருந்த இடது பின்கதவு வழியாக ஏறிக்கொண்டார். நான் மறுபக்கம் ஏறினேன்.

வண்டி ஏரி வரை ஓடியது. நடுவழியில் மாமா ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அப்போது கியர் சரியாக விழாமல் வண்டி குலுங்கியது. உடனே கையை நீட்டிக் கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் இருக்கிற காயலான் கடை ஒன்று விடாமல் மாமா ஏறி இறங்கினார். கடைசியில் எங்கிருந்தோ ஒரு கை கியர் கிடைத்தது. புதுக் கியர் பெட்டிக்கு அது சேராது என்று தென்காசிக்காரர் மெதுவாகச் சொன்னார். தாத்தா அடுத்த பொங்கல் வரை இல்லை. கார் இன்றும் அந்த வேப்பமரத்தடியில் நிற்கிறது. கம்பி முன் சீட்டில் கிடக்கிறது. மாமா அதற்குச் சீட்டு எதுவும் ஒட்டவில்லை.

அன்று மாமா கண்ணாடியில் பார்த்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். தாத்தாவின் வலது கை முட்டியின்மேல் இருந்தது. இடது கை மட்டும், முன்னால் மாமா கியர் மாற்றும்போதெல்லாம், மேலே போயிற்று, தன் பக்கமாக இழுத்தது, கீழே இறங்கியது. இடது கால் தரையை மெல்ல அழுத்தி எழுந்தது. கண் ரோட்டிலேயே இருந்தது. சத்தமில்லாமல் கார் விளையாடுகிறார் என்று எனக்கு ஒரே குஷி. நானும் என் இடது கையைத் தூக்கி அதே மாதிரி மேலே, பக்கமாக, கீழே என்று செய்தேன். தாத்தா என்னைப் பார்த்தார். கையை மடியில் கிடந்த துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் முறை முடிந்து என் முறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஏரி வரும்வரை நான் ஓட்டிக்கொண்டே போனேன்.