நாலடி

வாழவந்தியில் அண்ணன் தம்பி தோட்டங்களுக்கு நடுவே காணாமல் போன எல்லைக்கல்லை அளந்து நட்ட சர்வேயர் நான்தான். பழைய பத்திரத்தில் அண்ணன் பங்கு பத்துச் சங்கிலி நீளம். என்னுடைய இருபது மீட்டர் சங்கிலியைப் பத்து முறை போட்டேன். அண்ணன் வைத்த ஆரஞ்சு மரம் தம்பி பக்கம் போய்விட்டது.

"சர்வேயரைக் கையில போட்டுக்கிட்டயாடா?" என்று கத்திய அண்ணன், கவாத்துக் கத்தியை வீசினான். கல்லைப் பிடித்திருந்த தம்பியின் மூன்று விரல்கள் துண்டாகி விழுந்தன.

ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய சங்கிலி அறுபத்தாறு அடி. இருபது மீட்டரைவிட நாலரை அங்குலம் கூடுதல்; பத்துச் சங்கிலிக்குக் கிட்டத்தட்ட நாலடி. மரம் அண்ணனுடையதுதான்.

ஆஸ்பத்திரியில் தம்பி கேட்டான்: "ஏனுங்க, கல்லு சரியான எடத்துலதானுங்களே?"

"சரிதானுங்க" என்றேன்.

வெட்டியவன் ஜெயிலுக்குப் போனான். நான் மறுநாள் அதே சங்கிலியோடு கிளியூருக்கு அளக்கப் போனேன்.