மனு எழுதும் காசியும் மேலிடத்துக் குணமும்

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, புங்க மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதும் காசிக்கு அதிகாரிகளின் குணம் அத்துப்படி. புதிதாக ஒருவர் பொறுப்பேற்றால் மூன்றே திங்கட்கிழமைக் குறைதீர் நாட்களில் அவரை அளந்துவிடுவார். ஒருவருக்கு அரைப் பக்கத்தைத் தாண்டினால் எரிச்சல். இன்னொருவருக்கு இரண்டாவது பத்தியில் ஒரு விதவைத் தாயாவது அழ வேண்டும். வேறொருவர் அரசாணை எண்ணைக் கண்டால்தான் பேனாவையே திறப்பார்.

"மனுவுல இன்னா இருக்குன்றது அப்பறம். யாரு படிக்கப் போறாங்கன்றதுதான் மொதல்ல" என்பது முப்பத்தோரு வருடமாக அவர் சொல்லிவரும் தொழில் ரகசியம்.

ஊர்பேர் தெரியாத அதிகாரியின் மனதையெல்லாம் கரைத்த அந்த மனிதருக்குத் தன் ஒரே மகளிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் தெரியாமல் போனதை விதி என்பதா, வேறென்ன சொல்வது?

மகள் அன்புச்செல்வி, செவிலி. மூன்று வருடங்களுக்கு முன், தன்னோடு வேலை பார்த்த இளஞ்செழியனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி என்பதைத் தவிர அந்தப் பையனிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அந்த ஒன்று காசிக்குப் போதுமானதாக இருந்தது. முகூர்த்த நேரத்தில் அவர் மரத்தடியில் உட்கார்ந்து ஏழு மனுக்கள் எழுதினார். ஏழிலும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

ஒரு மாதம் கழித்துச் செங்கத்திலிருந்து மகளின் குறுஞ்செய்தி வந்தது. ஒரே வரி: "கல்யாணத்துக்கு ஏம்பா வரல?"

கைபேசியில் பதில் எழுதுவது காசியின் தகுதிக்குக் குறைவு. நான்கு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அனுப்புநர், பெறுநர். பொருள்: திருமணத்தில் கலந்துகொள்ள இயலாமை தொடர்பாக. பார்வை: தங்களின் குறுஞ்செய்தி. கீழே எண் போட்டுப் பத்துக் காரணங்கள். பெற்ற மகளுக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பில் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஓரம் விடுவதில் கோணல் வரவில்லை. அன்புச்செல்வி கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். பதில் போடவில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் போயின. அவற்றுக்கும் இல்லை.

இந்த வருடம் தை மாதத்தில்தான் பைபிள் வந்து சேர்ந்தது. சர்ச்சுக்குப் போகிற வெள்ளையம்மாளுக்குக் காசியின் மனுவால் பட்டா கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் கறுப்பு அட்டை போட்ட புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"தெனம் ஒரு பக்கம் படிங்க சார். அவரு எப்படிப்பட்டவருன்னு தெரிஞ்சிரும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் காசி அதைத் திறந்திருக்க மாட்டார். 'எப்படிப்பட்டவர்' என்றதும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எல்லாருக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கோப்பு, கைக்குள் வந்திருக்கிறது.

திங்களன்று கூட்டம். மற்ற நாட்களில் படித்தார். பென்சிலால் ஓரத்தில் குறிப்பும் எழுதினார். வெள்ளத்தில் உலகம் அழிந்த இடத்தில்: 'கடுமையானவர். ஒரே உத்தரவில் எல்லாரும் காலி. எட்டுப் பேருக்கு மட்டும் விலக்கு.' ஆபிரகாம் ஒரு ஊருக்காக மன்றாடிய இடத்தில்: 'ஐம்பது நல்லவர்களில் ஆரம்பித்துப் பத்து வரை இறங்கி வந்தார். பேசிப் பார்க்கலாம்.' மோசே கெஞ்சிய இடத்தில்: 'கோபம் ஜாஸ்தி. பழைய வாக்கை ஞாபகப்படுத்தினால் தணிகிறது.'

அடி அண்ணாமலையில் வீடு. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றும் மனைவி தனத்துக்கு இது பொறுக்கவில்லை.

"கிரிவலம் கூப்ட்டா முட்டி வலிக்குதுன்றீங்க. இதுக்கு மட்டும் மணிக்கணக்கா குந்த முடியுது. மதம் மாறப் போறீங்களா?"

"ஒரு மனு போடணும். போடுறதுக்கு முன்ன ஆளு எப்படின்னு தெரிய வாணாமா?"

"இன்னா மனு?"

"பொண்ணு நம்மகிட்ட வரணும்னு."

தனம் முறத்தைக் கீழே வைத்தாள். "அதுக்கு அவ்ளோ மேல போவணுமா? செங்கம் முப்பத்தஞ்சு கிலோமீட்டரு. அடிக்கொரு பஸ்ஸு." பிறகு, "இருபதாம் தேதி மஸ்கட்டுக்குப் போறாளாம். மூணு வருஷ ஒப்பந்தம். காலைல போன்ல சொன்னா" என்றாள்.

அன்று பத்தாம் தேதி. காசி விரல்விட்டு எண்ணினார்: இன்னும் பத்தே நாள். உடனே மகளைப் பார்க்க ஓடியிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் இன்னும் வேகமாகப் படிக்க ஆரம்பித்தார்.

பதினேழாம் தேதி யோபுவின் கதையை முடித்தார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதன் கடவுளிடம் கணக்குக் கேட்கிறான். காசி தன் வாழ்நாளில் அப்படியொரு மனுவைப் படித்ததில்லை. ஒரு வரி வீண் இல்லை. பதிலுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கம் புரட்டினார். பதிலைப் படித்ததும் முகம் சுருங்கிப்போனது.

"இன்னா சார், கசாயம் குடிச்சாப்ல இருக்க?" பக்கத்து டீக்கடை சந்திரம்மாள் கேட்டாள்.

"இந்தப் பதிலக் கேளும்மா. எம் புள்ளைங்க ஏன் செத்துச்சு, நான் இன்னா தப்பு பண்ணேன்னு அந்தாளு கேக்குறான். இவரு இன்னான்னா, மழை எங்கேருந்து வருது, மலை ஆடு எப்பக் குட்டி போடும், நெருப்புக்கோழிக்கு ஏன் புத்தி கம்மின்னு சொல்லிக்கினே போறாரு. கேட்ட ஒண்ணுத்துக்கும் பதில் இல்ல."

"அந்தாளு மறுபடி மனு போட்டானா?"

"அதான் இல்ல. போதும்னுட்டான்."

"பதிலே சொல்லலன்ற. எப்படிப் போதும்னான்?"

"அதான் எனக்கும் புரியல."

சந்திரம்மாள் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். "லெட்டரு போட்டாரா, நேர்ல வந்தாரா?"

"நேர்லதான். சூறைக்காத்துல வந்தாரு."

"அப்பறம் இன்னா? ரேஷன் கார்டுக்கு எனக்கு ஒம்போது மனு எழுதிக் குடுத்தியே. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நேர்ல வந்து 'இன்னாம்மா ஆச்சு உனக்கு'ன்னு கேட்டிருந்தா, கார்டே வாணாம் போன்னிருப்பேன்."

காசி பென்சிலை எடுத்தார். வைத்தார். முப்பத்தோரு வருடத்தில் தான் எழுதிய எந்த மனுவுக்கும் எந்த அதிகாரியும் ஜீப்பை விட்டு இறங்கி வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். தன் மகள் அனுப்பிய ஒற்றை வரி மனுவுக்கு எந்த அதிகாரி தபாலிலேயே பதில் போட்டுக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் உறைத்தது. ஓரத்தில், 'நேரில் வருகிறார்' என்று மட்டும் எழுதினார். கையெழுத்து முதல்முறையாகக் கோணியது.

மறுநாள் செங்கம் பஸ் ஏறினார். வழி நெடுக அந்தப் பத்துக் காரணங்களையும் சொல்லிப் பார்த்தார். ஊர் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகப் பத்தும் உதிர்ந்து, கடைசியில் வேறொன்றுதான் மிஞ்சியது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். அது நான்கு பக்கத்திலும் எங்கேயும் இல்லாத பதினோராவது காரணம்.

கதவைத் திறந்தவன் இளஞ்செழியன். ஒரு நொடி திகைத்து, "வாங்க மாமா" என்று நாற்காலி தேடி உள்ளே ஓடினான். அன்புச்செல்வி வந்து வாசலை மறித்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு ஏம்பா வரல?"

பதில் தொண்டை வரை வந்தது. ஒரே வரிதான். வாய் திறந்தால் வேறு எதுவோ வந்தது.

"பஸ்ஸுல நின்னுக்கினேதாம்மா வந்தேன். ஒருத்தன் ஆட்டுக்குட்டிய மடில வெச்சிக்கினு குந்தியிருந்தான். அது என் வேட்டிய மேஞ்சிருச்சு. ஏரில இந்த வாட்டி நல்லாத் தண்ணி. வழியெல்லாம் வேர்க்கல்ல புடுங்கறாங்க..."

"நான் கேட்டதுக்குப் பதில் இது இல்ல."

"தெரியும்மா."

"அப்பறம்?"

"அந்த ஆட்டுக்குட்டிக்கு ஒரு காது மட்டும் வெள்ள..."

அவளுக்கு உதடு நடுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதி வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். வழியை விட்டு விலகினாள். நடு அறையில் பெரிய பெட்டி ஒன்று, துணிகள் பிதுங்க, மூட முடியாமல் கிடந்தது.

"இதும்மேல கொஞ்சம் உக்காருங்க. ஜிப்பு ஏற மாட்டேங்குது."

நாற்காலியோடு வந்த மருமகன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். காசி பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மகள் அவர் காலருகே மண்டியிட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கப்பா."