அப்பனுக்கும் பிள்ளைக்கும் வந்த கட்டி

போன மாசியில் என் பேரனுக்குச் சேலை கட்டிவிட்டவள் நான்தான். கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் ஒரு வாலிபன் சேலை கட்டினால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். காமன் கூத்தில் மன்மதனும் ஆண்பிள்ளை, அவன் பெண்டாட்டி ரதியும் ஆண்பிள்ளை. சிவன் கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார், ரதி மாரடித்து அழுவாள், மூன்றாம் நாள் அவன் உயிரோடு எழுந்து வருவான். கதை அவ்வளவுதான். ஆனால் வேஷம் கட்டுகிறவன் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிவிட்டால், காமன் எரியும் வரை கறி மீன் தொடக்கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும், தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது.

பேரனுக்கு ரதி வேஷம் கிடைத்தது அவனுடைய குரலுக்காக. முகமும் கொஞ்சம் பொம்பிளை முகம்தான், என் முகம். ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை. காப்புக் கட்டியதும் லீவு போட்டுவிட்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்துவிட்டான். எங்கள் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் தவழத் தொடங்கும் முன்பே அப்பன், அதாவது என் மகன், செத்துப்போனான். அம்மா குவைத்தில் யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பிள்ளையைக் குளிப்பாட்டி வளர்த்தது நான்.

பழகுவதற்காக ஒரு நாள் சாயங்காலம் கூத்து வாத்தியார் வீட்டில் வைத்துச் சேலை கட்டிவிட்டேன். கொசுவத்தை மடித்து இடுப்பில் செருகப் போனால், குனிந்து பின்னால் ஒதுங்கிவிட்டான்.

"என்னடா, ரதி முழுகாம இருக்காளா?" என்றேன்.

அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என் பேரன் என்னைத் திருப்பிக் கிண்டல் பண்ணாமல் விட்ட நாள் அது ஒன்றுதான்.

அடுத்தது ரவிக்கை. உள்ளே துணியைச் சுருட்டி வைத்து மார்பு செய்வது வழக்கம். துணி வைக்க வந்த பையன் அழுத்தியதும் இவன் "ஸ்" என்று கையைத் தட்டிவிட்டான். பார்த்தால் இரண்டு மார்பும் காம்புக்குப் பின்னால் வீங்கியிருக்கிறது, வயசுக்கு வரப்போகிற பிள்ளைக்கு இருப்பது போல. தொட்டால் வலி. கூட இருந்த பையன்கள் கத்திச் சிரித்தார்கள். வாத்தியார் அவர்களை அதட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ரதி இறங்கிவிட்டாள் என்றார். இத்தனை வருஷம் கூத்து வைத்ததில் இப்படி ஒரு அருளைப் பார்த்ததில்லை என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் கூட்டம். பிள்ளை இல்லாதவள், மாப்பிள்ளை குடிக்கிறவள், மகளுக்கு வரன் அமையாதவள், எல்லாரும் என் பேரன் கையால் திருநீறு வாங்க வந்தார்கள். நானும் வாங்கிப் பூசிக்கொண்டேன். கடைக்காரப் பையன் ஒருவன் எங்கள் கண் முன்னால் சாமியாகிவிட்டான். அவனும் அதை மறுத்துப் பேசவில்லை. மார்பில் இருந்ததற்கு ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டது. கீழே இருந்ததை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

அவன் நடையைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீர் விழும் பீலியில் எல்லாரும் குளித்து முடித்த பிறகு தனியாகப் போய்க் குளித்தான். உடுப்பை என்னிடம் தராமல் அவனே துவைத்தான். ஒரு காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தான். அந்த நடையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டேன்.

"ஏன்டா கால அகட்டி நடக்குற?"

"சேலை கட்டிப் பழகுறேன்ல, அப்பாயி."

"சேலை கட்டுனா ஒட்டித்தான் நடக்க வரும். காலம் பூரா கட்டுறவகிட்ட கத விடாத."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஒன்னைக் குளிப்பாட்டி வளத்தவ நான். எனக்குத் தெரியாத சாமான் ஒங்கிட்ட என்னடா இருக்கு?"

சிரித்தான். சிரித்த வாய் மூடும் முன்பே அழுகை வந்துவிட்டது. தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தியே ஒரு பக்கத்து விதை கனத்துவிட்டதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்ததாம்.

"கல்லு மாதிரி இருக்கு, அப்பாயி. வலிக்கல. வலிக்கலையேன்னுதான் விட்டுட்டேன்."

அவன் அப்பனும் இதையேதான் சொன்னான், கல்லு மாதிரி, வலிக்கல என்று. அவன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் என்னைக் கொழுந்து பறிக்கிற மலையில் ஒதுக்கமாக இழுத்துப் போய் என் காதில் சொன்னாள். உரமூட்டை தூக்கினதில் வந்த வீக்கம் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச மருந்து கொடுத்தார்கள். நாட்டு வைத்தியர் ஓதம், விதையில் நீர் இறங்கியிருக்கிறது என்று இலை வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே வேலைக்குப் போனான். பிறகு முதுகு வலி. பிறகு இருமல். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே அவன் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள்.

இருமல் நோயில் போனான் என்றுதான் நானும் மருமகளும் எல்லாரிடமும் சொன்னோம். அந்த இடத்தில் நோய் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? கண்ட இடத்துக்குப் போய் வாங்கி வந்தான் என்பார்கள். பிள்ளை அவனுக்குப் பிறந்ததுதானா என்று கூடக் கேட்பார்கள். பேரனுக்கும் அந்த இருமல் கதையைத்தான் சொல்லி வளர்த்தேன்.

விடிந்ததும் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். பேரனுக்கு உடம்புக்கு முடியவில்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் காமன் மேடைக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காப்பு என்றால் அவருக்குக் காப்புதான்.

"ரதி எல்லை தாண்டக்கூடாதுக்கா. காமன் எரியட்டும், மறுநாளே கூட்டிட்டுப் போங்க. சாமி எறங்குன ஒடம்பு, ஒண்ணும் ஆகாது."

"அது சாமி இல்ல தம்பி, நோவு. இவன் அப்பனுக்கு வந்த அதே நோவு."

"அவரு இருமல்ல போனாருன்னுல சொன்னாங்க."

"நான்தான் சொன்னேன். பொய்யி."

அடுத்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது.

"ஒங்க கூத்துல எரிஞ்சவன் மூணாம் நாள் எந்திரிச்சு வருவான். எம் மகன் எந்திரிக்கல தம்பி."

வாத்தியார் பீலிக்குப் போய்க் கை கழுவினார். எங்கள் லயத்துக்கு வந்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேரன் கைக் காப்பை அவரே அவிழ்த்தார். அந்த மாசியில் ரதி வேஷம் கட்டியதும் அவர்தான். மீசையை எடுத்திருந்தார். தொப்பையும் முழங்கால் வலியுமாக அந்த ரதி அழுததைப் பார்த்து லயமே சிரித்ததாம். நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, லேடி டொக்டர். பேரனுக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. அவள் எத்தனையோ பேருடையதைப் பார்த்தவள், உன்னுடையது தங்கத்தில் செய்ததா என்று அவன் காதில் சொல்லி உள்ளே தள்ளிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் தடவுகிற மாதிரி குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் எடுத்தார்களாம். கத்தி இல்லை, ஊசி இல்லை, உள்ளே இருப்பது டிவியில் தெரிந்ததாம். ரத்தமும் எடுத்தார்கள்.

அடுத்த முறை போனபோது டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். சிங்களமும் தமிழும் கலந்து பேசினாள்.

"ஆச்சி, குடும்பத்துல வேற யாருக்கும் இந்த நோய் வருத்தம் வந்ததா?"

பேரன் முந்திக்கொண்டு இல்லை என்றான்.

"வந்துச்சு," என்றேன். "இவன் அப்பனுக்கு."

அவன் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் டொக்டரின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இது புற்றுநோய். விதையில் வருவது, வாலிபர்களுக்குத்தான் அதிகம் வரும். கெட்ட பழக்கத்தால் வருவதில்லை. அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர இடமுண்டு. வலிக்காமல் கல்லாவதுதான் இதன் குணம். கர்ப்பமான பெண்களின் உடம்பில் ஊறுகிற ஒரு சாமான் இவன் ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது, அந்தக் கட்டிதான் அதைச் சுரக்கிறது, மார்பு வீங்கியது அதனால்தான்.

"அப்ப நான் சொன்னது சரிதான். முழுகாமத்தான் இருந்திருக்கான்," என்றேன்.

டொக்டர் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேரனும் சிரித்தான். என் கண்ணில் மட்டும் தண்ணீர். ஊரே கும்பிட்ட ரதி கட்டிக்குள் இருந்திருக்கிறாள். என் மகனுடைய நோய்க்கு ஒரு மனுஷி வாய்விட்டுப் பெயர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அங்கிருந்து கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆபரேஷனில் விதைப் பையைத் தொடவில்லை, மேலே தொடை இடுக்கில் வெட்டி அந்த வழியாகக் கட்டியோடு விதையை எடுத்தார்கள். கீழே வெட்டினால் நோய் வேறு பக்கம் போக வழி ஆகுமாம். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுக்குப் பின்னால் நெறிகட்டியிருந்தது, நெஞ்சில் புள்ளிகள் இருந்தன. நெஞ்சு என்றதும் எனக்கு அந்த இருமல் சத்தம் கேட்டது.

பரவியிருந்தாலும் குணமாக்கக்கூடிய புற்றுநோய்களில் இது ஒன்று என்று பெரிய டொக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. நல்ல டொக்டர்கள்தான் நல்ல பொய் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றும் முன்பு ஒரு காரியம் கேட்டார்கள். இந்த மருந்தில் பிள்ளை உண்டாகிற சத்து குறையலாம், வேண்டுமானால் அவனுடைய விந்தை எடுத்துப் பனிக்கட்டிக் குளிரில் பத்திரமாக வைக்க ஓர் இடம் இருக்கிறது என்றார்கள். அவன் காது சிவந்துபோனது. வை, பின்னால் உதவும் என்றேன். ஒரு விதையே போதும், கல்யாணம் கட்டலாம் என்றும் டொக்டர் சொன்னார்.

பிறகு மருந்து. தலைமுடி போனது, புருவம் போனது, ரதிக்கு வரைந்த முகத்தில் ஒரு கோடு கூட மிச்சமில்லை. வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறதாம், அப்படியும் சில நாள் என் மடியில்தான் எடுத்தான். இவ்வளவு மெலிந்த உடம்பை நான் ஒரே ஒரு முறைதான் துடைத்திருக்கிறேன். கை அதுவாகவே அந்தப் பழைய வேலையைச் செய்தது. வாய் மட்டும், மொட்டைக்குப் பேன் பார்க்கும் செலவு மிச்சம் என்று எதையாவது உளறிக்கொண்டிருந்தது. அவன் சிரிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கர்ப்பச் சாமான் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி மருந்தும் முடிந்து, திரும்ப ஸ்கேன் எடுத்து, ரத்தம் சாதாரண ஆம்பிளை ரத்தமாகிவிட்டது என்றார் பெரிய டொக்டர். நெஞ்சுப் புள்ளிகள் மறைந்துவிட்டன, வயிற்றில் நெறி சுருங்கிவிட்டது. வருஷக்கணக்கில் வந்து காட்ட வேண்டும், வந்தால் பயமில்லை.

பேரன் மருந்துத் துண்டுச் சீட்டு வாங்க வெளியே போனான். நான் எழும்பவில்லை.

"இந்த மருந்து எப்பங்கய்யா வந்துச்சு?"

"ஏன் கேக்குறீங்க?"

"எம் மகன் போனப்ப இவனுக்குப் பல்லு மொளைக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லக்கூடிய இடம் அது. சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சு, அம்மா," என்றார். "அப்பவும் இருந்துச்சு. நேரத்தோட வந்து சேர்ந்தவங்களுக்குக் கிடைச்சுச்சு."

அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்லை. டிஸ்பென்சரிக்காரரும் செத்துவிட்டார், இலை கட்டினவரும் செத்துவிட்டார்.

ஹட்டன் பஸ்ஸில் அவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். கித்துல்கல தாண்டி ஏற்றம் ஏறும்போது, நல்ல செய்தி கேட்டவள் ஏன் அழுகிறாய் என்று கேட்டான். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அன்றைக்கு டொக்டர் முன்னால் நான் சொன்னதைப் பற்றி அவன் அதுவரை கேட்டதே இல்லை.

"அப்பாவுக்கும் இப்படித்தானா?"

"ம்."

"ஏன் அப்பாயி சொல்லல?"

"அவன் மானத்த காப்பாத்துனேன். அதத்தான் காப்பாத்த முடிஞ்சிச்சு."

அவன் போனை எடுத்துக் குவைத்துக்கு வீடியோ போட்டான். மருமகள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் சரியாகிவிட்டது என்று அவன் சொன்னதும் அவள் அழுதாள். அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டான்.

"அப்பா மொதல்ல ஒங்ககிட்டதானே சொன்னாரு? என்னம்மா சொன்னாரு?"

அவள் என்னைத் தேடினாள். போனை என் பக்கம் திருப்பினான். சொல்லு என்று தலையாட்டினேன். அவள் சொல்லத் தொடங்கினாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவன் சத்தத்தைக் கூட்டினான். என் மகனுடைய விதையையும் கட்டியையும் பற்றி மருமகள் குவைத்திலிருந்து பேசுவது அந்த பஸ் முழுவதற்கும் கேட்டது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் அவன் கையைத் தொடவில்லை.