காந்த மிஷினும் பாக்கியத்தின் தலையும்

மனநல கிளினிக்கில் வேலை பார்ப்பவனுக்கு முதல் தகுதி, சிரிப்பு வரும் இடத்தில் இருமத் தெரிந்திருப்பது. டாக்டர்களிடம் வேலை பார்த்துத் தேய்ந்துபோன சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் டிரெசராக, அதாவது அரை டாக்டராக, இருந்தேன். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை எண்ணெய் மரம் நட்டபோது ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு மனநல டாக்டரிடம் சேர்ந்தேன். அவர் சீமையிலிருந்து ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தார். பெரிய முறுக்கு மாதிரி ஒரு கம்பிச்சுருள். தலையில் வைத்தால் டக் டக்கென்று தட்டும். காந்தம் மூளைக்குள் போய் மனச்சோர்வை விரட்டுமாம். விரட்டுகிறதா என்று பார்க்கத்தான் சோதனை. பாதிப் பேருக்கு நிஜச் சுருள், மீதிப் பேருக்குச் சத்தம் மட்டும் போடும் வெற்றுச் சுருள். அதைச் சொல்லித்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். யாருக்கு எது என்ற விவரம் ஒட்டிய கவருக்குள். டாக்டரே பார்க்கக் கூடாது. தலையைப் பிடித்துக்கொள்வதும் கேள்வித்தாளைத் தமிழில் கேட்பதும் என் வேலை.

ரசனை

பாக்கியம் சுங்காய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் கலைந்த பிறகு பேச்சை நிறுத்தி, சாப்பாட்டை நிறுத்தி, ஒருநாள் உயிரையும் நிறுத்தப் பார்த்தார். ஜெலாப்பாங்கில் இருக்கும் தங்கச்சி தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, எங்களிடம் சேர்த்துவிட்டார்.

முதல் கேள்வி: முன்பு ரசித்த காரியங்களில் இப்போதும் தங்களுக்கு நாட்டம் உண்டா? என் பள்ளிக்கூடத் தமிழில் கணீரென்று கேட்டேன். வாரக்கணக்கில் வாய் திறக்காதவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்ன பதிலுக்கு டாக்டரின் தாளில் கட்டமே இல்லை.

"இருட்டோட எழுந்து பெரட்டுல பேரு குடுக்க ஓடுனவகிட்ட கேக்குற கேள்வியா இது டிரெசரய்யா? ரசிக்கிறதுக்கு எந்தக் கிராணி லீவு குடுத்தாரு?"

இரும்பு கூடாது

சாமுவேல் லாரி ஓட்டுபவர். மனைவி இறந்த பிறகு லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருப்பார். மிஷின் பக்கத்தில் இரும்பு கூடாதென்று டாக்டர் அவருடைய சாவிக்கொத்து, பெல்ட், பேனா எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். கால்சட்டை ஜிப்பைப் பற்றி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்து, பெருந்தன்மையாக விட்டுவிட்டார். பிறகு சுருளைத் தானே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். முடிந்ததும் நேரம் பார்த்தால், டாக்டருடைய விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஆரம்பித்த இடத்திலேயே நின்றிருந்தது. உதறினார், காதில் வைத்துப் பார்த்தார். பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி சாமுவேல் என்னிடம் சொன்னார்:

"அண்ணே, டாக்டரோட வாட்சுக்கும் மனசு சரியில்லலா. அடுத்து அதை உக்கார வைங்க."

நாலு நம்பர்

ஒருநாள் பாக்கியத்தோடு தங்கச்சி வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விஞ்ஞானத்தில் ஆர்வம் போலிருக்கிறது என்று நானும் விளக்கமாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"மூளை அம்புட்டு வேலை செய்யும்னா, இந்த வாரம் லாட்டரில எந்த நாலு நம்பர் விழும்னு தெரியுமாலா? எனக்கும் ஒரு பக்கம் வைங்க."

கவர்

சில வாரங்களில் பாக்கியம் பேசினார், சாப்பிட்டார், கவுண்டரில் இருந்த பெண்ணோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் டாக்டர் அவரைக் காட்டிப் பெருமைப்பட்டார். சோதனை முடிந்து கவரைப் பிரித்தோம். பாக்கியத்துக்கு வெற்றுச் சுருள். சாமுவேலுக்கு நிஜம், அவர் கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறார், அவ்வளவுதான். "நீங்களே அந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள்" என்று டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஒருதரம் சாகத் துணிந்தவரிடம், உங்களுக்குக் கிடைத்தது வெறும் சத்தம்தான் என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் சொன்னேன்.

"தெரியும்லா," என்றார் பாக்கியம். "மிஷின் தட்டுனா சாமுவேலு அண்ணனுக்குக் கட்டைவிரல் துள்ளுமாம், வெளிய காத்திருக்கையில சொன்னாரு. எனக்கு ஒண்ணும் துள்ளல. ரெண்டாவது வாரமே தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா தினமும் வந்தீங்க?"

"வீட்டுல இருந்தா செவுத்தைப் பாத்துப் படுத்துருப்பேன். இங்க வரணும்னா குளிச்சி, சீலை மாத்தி, பஸ் ஏறணும். பஸ்ல வரயிலதான் கையுறை ஃபேக்டரில ஆள் எடுக்குற போர்டைப் பாத்தேன். திங்கக்கிழம வேலைக்குப் போறேன்."

நான் இருமினேன். டாக்டரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல், சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாவம், அவருக்கும் அந்த வெத்து மிஷினையே வைங்க டிரெசரய்யா. நல்லா கேக்கும்லா."

ஆகமொத்தம், அந்த மிஷினால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை, அதைச் சீமையிலிருந்து சுமந்து வந்த டாக்டரைத் தவிர.