வண்டி மேல் வண்டி

என் தங்கை தராசு சரிபார்ப்பவள். கடைகளில் உள்ள தராசுகள் ஒழுங்காக எடை காட்டுகின்றனவா என்று சோதித்து, பிசகியிருந்தால் திருத்தி, முத்திரை ஒட்டிவிட்டு வருவாள். ஒரு நாளைக்குப் பதினோரு கடை. கடைக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் முள்ளம்மா. தராசு முள்ளைப் பார்ப்பவள் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. "அஞ்சு கிராம்தானே, விட்டுடுங்கம்மா" என்று யாராவது இளித்தால், "அப்ப அந்த அஞ்சு கிராமை உங்க கையிலிருந்து போடுங்க" என்பாள். குத்தத்தான் செய்யும்.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரைதான் படித்தேன். சலவைக் கடையில் துணி வாங்கும் மேசையில் இருக்கிறேன். துணி கைக்கு வந்ததுமே கறை எங்கே, கிழிசல் எத்தனை விரற்கடை, எந்தப் பொத்தான் இல்லை என்று சீட்டில் எழுதிவிடுவேன். அப்புறம் பேச்சுக்கு இடமிருக்காது. பத்தொன்பது வருடமாக இந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றி வருகிறது. இந்தப் பழக்கம்தான் என் தங்கையைக் கவிழ்த்தது.

அவளுக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே சிறு வயது முதலே வலு கிடையாது. எடைக்கற்கள் இருக்கும் பெட்டியோ இருபத்திரண்டு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. அதனால் கையாலேயே ஓட்டும் காரை லீசுக்கு எடுத்திருந்தாள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். அப்படிப்பட்ட காரை லீசுக்கு விடும் நிறுவனம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடம் முடிந்ததும் பழையதை ஒப்படைத்தால் புதியது தருவார்கள். மூன்று வருடமும் அந்தக் காரில் ஒரு கோடு விழாமல் வைத்திருந்தாள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், போகட்டும்.

ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம், பெரிய மளிகைக் கடையின் வாசலில் நிறுத்திய காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். சாமான் அள்ளிப் போடும் தள்ளுவண்டி ஒன்று, ஆளில்லாமல் சரிவில் உருண்டு வந்து என் பக்கத்துக் கதவை உரசிக்கொண்டு நின்றது. இறங்கிப் பார்த்தேன். ஒரு கீறல். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். ஒன்பது சென்டிமீட்டர்.

தங்கை லீஸ்காரர்கள் கொடுத்திருந்த பிளாஸ்டிக் அட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அட்டைக்குள் மறைகிற கீறல் என்றால் சாதாரணத் தேய்மானம், சொல்லவே வேண்டாம் என்பது விதி. கீறல் மறைந்தது.

"முடிஞ்சுதுக்கா. கிளம்பு."

"முடிஞ்சுதா? நாளைக்கு எவனாவது, ஏன் சொல்லலைன்னு கேட்டா?"

"கேட்க மாட்டாங்க. அதுக்குத்தான் அட்டை."

எனக்கு மனசு கேட்கவில்லை. கறை தெரிந்த துணியைச் சீட்டில் எழுதாமல் உள்ளே அனுப்புவதா? திங்கட்கிழமை காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, நானே நிறுவனத்துக்குப் போன் போட்டேன். கார் எண்ணைச் சொல்லி, தங்கைக்காகப் பேசுகிறேன் என்று நடந்ததை விளக்கினேன். போனில் இருந்த பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். உருப்படியாக ஒரு வேலை செய்த நிறைவோடு கடைக்குப் போனேன்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. "வாகன விபத்து. மற்றொரு வண்டி மோதியது. அதன் ஓட்டுநர் அடையாளம் தெரியவில்லை. மோதிய வண்டியின் எண், காவல்துறைப் புகாரின் நகல் ஆகியவற்றை உடனே அனுப்பவும்."

தங்கை கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீ அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"உள்ளதைத்தான் சொன்னேன். வண்டி வந்து இடிச்சுதுன்னு."

"என்ன வண்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சலவைக் கடையில் துணி மூட்டையைத் தள்ளிப் போகிற சக்கரக் கூடைக்குப் பெயர் வண்டி. "அந்த வண்டியைக் கொண்டா", "வண்டி நிறைஞ்சு போச்சு" என்று நாள் முழுக்கச் சொல்கிற வாய். மளிகைக் கடைத் தள்ளுவண்டிக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.

திருத்திவிட்டால் போச்சு என்று நினைத்தோம். போனில் பாட்டு ஓடியது. இருபது நிமிடம் கழித்து ஒருவர் லைனில் வந்தார்.

"எதிர் வண்டி நம்பர் சொல்லுங்க மேடம்."

"அது தள்ளுவண்டிங்க. நம்பர் கிடையாது."

"நம்பர் பிளேட் இல்லாத வண்டியா? அப்ப கேஸ் இன்னும் பெருசாச்சே."

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விளக்கினாள். அவர் பெருமூச்சு விட்டார். "எல்லாரும் முதல்ல உண்மையைச் சொல்லிட்டு, கடிதம் போனதும் இப்படித்தான் மாத்திப் பேசறாங்க. எனக்கு மாத்த அதிகாரம் இல்லீங்க. போனை எடுத்தவங்கதான் மாத்தணும்." போனை எடுத்தவர்களோ, பதிவான பிறகு விபத்துப் பிரிவுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். விபத்துப் பிரிவு எங்களைத் திரும்பப் போன் பிரிவுக்கே தள்ளியது. செக்கு மாடு மாதிரி அந்த வாரம் முழுக்கச் சுற்றினோம். பாட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு வழி சொன்னார். "நடந்தது விபத்துதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அன்னிக்கே ஃபைலை மூடிடலாம்."

தங்கை அவசரப்படாமல் கேட்டாள். "மூடினா புது கார் வருமா?"

"வரும். ஆனா கையால ஓட்டறவங்க பேர்ல விபத்து பதிவானா, டாக்டர் பரிசோதனை, ஓட்டுநர் பரிசோதனை எல்லாம் திரும்பச் செய்யணும். நாலஞ்சு மாசம் ஆகும்."

நாலைந்து மாதம் அவள் வேலைக்குப் போகாவிட்டால், அவள் கடைகளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது எங்கள் இருவருக்கும் தெரியும். நடக்காத விபத்துக்கு அவள் கையெழுத்துப் போட மாட்டாள் என்பதும் தெரியும்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. நிறுவனத்தின் பரிசோதகர் காரைச் சுற்றி வந்தார். கீறல் மேல் அட்டையை வைத்தார், மறைந்தது. "சாதாரணத் தேய்மானம்" என்று எழுதினார்.

"பார்த்தீங்கல்ல? விபத்து இல்லைன்னு எழுதுங்க" என்றேன்.

"கீறல்தாங்க என் வேலை. விபத்து வேற டிபார்ட்மென்ட்."

"விபத்து நடந்த காருக்கு அடி எங்கே போச்சு?"

"அதைத்தான் அவங்களும் கேட்பாங்க. அனுமதி இல்லாம எங்கே ரிப்பேர் பண்ணீங்கன்னு." சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. புதிய கார் வரவில்லை.

மறுநாள் முதல், எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று கடைகளுக்கு மட்டும்தான் அவளால் போக முடிந்தது. நான் முதலாளியிடம் கேட்டு, சலவைக் கடையின் சக்கரக் கூடையைக் கொண்டுவந்தேன். எடைக்கல் பெட்டியை அதில் வைத்து நான் தள்ள, அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். பாதாளச் சாக்கடை மூடியில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது.

"பார்த்து, அக்கா. வண்டி எதையாவது இடிச்சிடப் போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னைத் திட்டவாவது செய்யேன்டி" என்றேன்.

"திட்டினா முள் நேராகுமா?" அவள் நின்றுவிட்டாள். "தராசு தப்புன்னு ஒருத்தன், சரின்னு ஒருத்தன் சண்டை போட்டா நான் என்ன செய்வேன்? பேசவே மாட்டேன். கல்லை எடுத்துத் தட்டுல வைப்பேன். இவ்வளவு நாளா நாம பேசிட்டே இருந்திருக்கோம்."

"இதுக்கு எந்தக் கல்லை வைக்கிறது?"

"நீ பேசின போன். எல்லாத்தையும் பதிவு செய்யறோம்னு பாட்டுக்கு நடுவுல சொல்றாங்களே."

அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். சின்ன அறை, நாலு நாற்காலி, தண்ணீர் தீர்ந்துபோன கேன். விபத்துப் பிரிவின் மேலாளர் பதிவை ஓடவிட்டார். என் குரல் ஊர்வம்பு பேசுகிற மாதிரி ஒலித்தது.

"வண்டி மேல வண்டி இடிச்சிடுச்சும்மா."

"ஓட்டினது யாரு மேடம்?"

"யாரும் ஓட்டலைம்மா. அதுவா உருண்டு வந்துச்சு."

மேலாளர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். நானே என் வாயால் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறேன். பதிவு மேலே ஓடியது.

"வண்டிக்குள்ள யாராவது இருந்தாங்களா?"

"ஆள் இல்லை. ஒரு முட்டைக்கோஸ் மட்டும் கிடந்துச்சு. கம்பி இடுக்கு வழியா நல்லாத் தெரிஞ்சுது. அதை நானே எடுத்துட்டுப் போய்க் கல்லாவுல கொடுத்துட்டேன். வண்டியையும் தள்ளிட்டுப் போய் வரிசையில விட்டுட்டேன்."

மேலாளர் பதிவை நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். பிறகு என்னிடமே கேட்டார். "தள்ளிட்டுப் போய் வரிசையில விட்டீங்களா?"

"பின்னே? நடுவழியில விட்டுட்டா வருவாங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் பேசியவர்களை உள்ளுக்குள் திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். "விபத்து" என்பதை அடித்து "கீறல்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை. ஏழு நாள் வேலை போனதைப் பற்றிக் கேட்டேன். அதற்கு வேறு விண்ணப்பம் என்றார்.

இரண்டு நாள் கழித்துப் புதிய கார் வந்தது. கொண்டுவந்தவர், ஏற்கெனவே குறை ஏதும் இருந்தால் எழுதச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். பின்கதவின் விளிம்பில் ஒரு கோடு. இரண்டு சென்டிமீட்டர்.

தங்கை பெட்டியை ஏற்றிக்கொண்டே சொன்னாள். "எழுதுக்கா. எழுத மட்டும் செய். போன் பண்ணிடாதே."

எழுதினேன். கீறல், ஒன்று, இரண்டு சென்டிமீட்டர், வரும்போதே இருந்தது. அவள் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, என் டேப்பைக் கேட்டு வாங்கி, தானும் ஒரு முறை அளந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பிடியை இழுத்துக் கிளம்பினாள். தொண்ணூறு கடைக்கு மேல் பாக்கி இருந்தது.