நிறுத்திவிட்டுப் பேசுகிறவர்

தேநீர்க்கடை வாசலில் யாராவது நலம் விசாரித்தால், சோணைமுத்து முதலில் தம் வண்டியின் எஞ்சினை அணைப்பார். சாவியைத் திருப்பி, காலை ஊன்றி, சத்தம் முழுவதும் அடங்கிய பிறகுதான் "நல்லா இருக்கேன் சார்" என்பார். சொல்லி முடித்ததும் மறுபடி உதைத்துக் கிளப்புவார். பழைய வண்டி, நான்கைந்து உதைகளாவது கேட்கும். மூன்று சொற்களுக்காக இவ்வளவு பாடுபடுகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டிலும் இதே வழக்கம்தான். திருப்பூரில் அனுப்பர்பாளையத்தை ஒட்டிய எங்கள் வீதியில், ஆறு குடித்தனங்கள் ஒரே வரிசையில் இருக்கும் லைன் வீட்டில் கடைசி வீடு அவருடையது. ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு, ஒரு மின்விசிறி. ஏதேனும் சொல்ல நினைத்தால் எழுந்து போய் அந்த மின்விசிறியை நிறுத்துவார். இறக்கைகள் ஓயும் வரை காத்திருப்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுபடி போடுவார். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இது சிறிய தண்டனை அல்ல. அவருடைய மனைவி ராமுத்தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். பகல் முழுவதும் நின்றபடியே துணியில் பழுது தேடிவிட்டு, வீங்கிய முழங்காலோடு வீடு திரும்புகிறவர்.

"பருப்புல உப்புக் கம்மின்னு சொல்றதுக்கு ஒரு ஃபேன நிறுத்தணுமா? வேர்க்காம அதச் சொல்ல முடியாதா உங்களால?" என்று அவர் கேட்பது சன்னல் வழியாக எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். பதில் கேட்காது. பதில் சொல்வதற்குள் ராமுத்தாய் மின்விசிறியைப் போட்டுவிட்டிருப்பார்.

சோணைமுத்து அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இளவயதில் இந்த ஊருக்கு வந்தவர். வந்த நாள் முதல் நிட்டிங் இயந்திரம் ஓட்டினார். வட்டமாகச் சுழன்று, நூலை உருளையான துணியாகப் பின்னித் தள்ளும் இயந்திரம் அது. பத்துப் பன்னிரண்டு ஒரே கொட்டகையில் ஓடினால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. எதையாவது பேசியே ஆகவேண்டுமென்றால் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ஆனால் ஓடுகிற இயந்திரம் இடையில் நின்றால், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும். சாயம் ஏறிய பிறகு அது பல்லைக் காட்டும்.

"அதனால, அந்தக் கோட்டுக்குப் பெறுமானமான பேச்சான்னு பாத்துத்தான் சார் வாயத் தொறக்கிறது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அன்று அவர் அணைத்தது என் வீட்டு மிக்ஸியை.

ஆள் ஒல்லி. வலக்கைக் கட்டைவிரல் நகத்தில் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சட்டைப்பையின் மடிப்பில் தேய்ந்துபோன நிட்டிங் ஊசி ஒன்றை எப்போதும் குத்தி வைத்திருப்பார். நுனியில் கொக்கியும் திறந்து மூடும் சிறு நாக்கும் கொண்ட ஊசி. லைன் வீட்டுப் பெண்கள் பாவாடைக்கு நாடா கோக்க அதைத்தான் இரவல் வாங்குவார்கள். கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுப்பார். திரும்பி வரும்வரை கை அடிக்கடி சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு அந்தக் கொட்டகை மூடப்பட்டது. முதலாளி இயந்திரங்களைக் கழற்றி விற்றார். அவை கப்பலேறி கென்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. சோணைமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. இங்கே புது இயந்திரங்களுக்கு இளவட்டங்களைத்தான் எடுக்கிறார்கள். அவர் ஒரு நூல் கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். கிடங்கில் எதுவும் ஓடுவதில்லை. எனவே நிறுத்திப் பேச எதுவும் இல்லை. பேசவும் ஆள் இல்லை. மாலையில் வீடு திரும்பும்போது, நாள் முழுதும் மூட்டை சுமந்தவர் போல வருவார். "சும்மா உக்காந்திருக்கிறது இம்புட்டு அசதியா இருக்கும்னு தெரியாது சார்."

பங்குனி முடிவில் கென்யாவிலிருந்து அழைப்பு வந்தது. இயந்திரங்களை வாங்கிய தொழிற்சாலையில் மேலாளராக இருப்பவர் மாதவன் என்ற தமிழர். அந்தப் பழைய இயந்திரங்களின் போக்கு அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. ஓட்டிப் பழகிய ஒருவர் நிட்டிங் மாஸ்டராக வேண்டும். முதலில் காணொளியில் ஒரு நேர்காணல். திரையில் துணியின் படங்களைக் காட்டுவார்கள், பார்த்துக் கோளாறைச் சொல்ல வேண்டும். கைப்பேசித் திரை அதற்குப் போதாது என்பதால், மகள் ஜோதிகா கல்லூரிப் பாடத்துக்கு வைத்திருந்த கணினியை அலமாரிக்கு மேலிருந்து இறக்கினார்கள். ஜோதிகா இப்போது சிவகாசியில் மருமகள். கணினிக்குப் புதிதாக ஒரு ஹெட்போன் வாங்கினார்கள். வாய்க்கருகே வளைந்து வரும் மைக், நீண்ட ஒயர், ஒயரின் நடுவே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு பொத்தான்.

ராமுத்தாய்க்கு இந்த ஏற்பாட்டில் உற்சாகமும் இல்லை, மறுப்பும் இல்லை. "மெசினு போச்சு, பின்னாடியே இவரும் போறேங்கிறாரு. இந்தா இருக்க சோமனூருக்குப் போனாலே ஒரு போன் பண்ண மாட்டாரு. அங்க போயி என்னத்தப் பேசிருவாரு?" என்றார். பிறகு, மின்விசிறியைப் பார்த்தபடி, "இங்க இருந்தும் அந்தக் கிட்டங்கில மனுசன் வத்திப் போறாரு" என்று தாமாகவே சொன்னார்.

முதல் நேர்காணல் நடக்கவே இல்லை. மாதவன் திரையில் தெரிந்தார், கணினியின் ஸ்பீக்கர் வழியாகக் கேள்வி கேட்டார். சோணைமுத்து வாயசைத்தார். மாதவன் காதில் எதுவும் விழவில்லை.

"கேக்கலையாங்க!" என்று ராமுத்தாய் கதவருகிலிருந்து கூவினார்.

"அண்ணே, உங்க வீட்டம்மா பேசறது தெளிவா கேக்குது. நீங்க பேசறதுதான் கேக்கலை. மைக்கைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார் மாதவன்.

மறுவாரமும் அதுவே நடந்தது. கணினியை அணைத்து எழுப்பினார்கள், ஒயரைப் பிடுங்கிச் செருகினார்கள். மனைவியின் குரல் கடல் கடந்தது. கணவரின் குரல் அறையைத் தாண்டவில்லை. "மைக்குக்கே தெரிஞ்சிருக்கு, இந்த வீட்டுல யாரு பேச்சு எடுபடும்னு" என்றார் ராமுத்தாய். சிரிக்க அவர் ஒருவரே இருந்தார். இன்னொரு முறைதான் பார்ப்போம், இங்கத்தி முதலாளியே உட்காருவார், அன்றும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மாதவன் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அந்த இன்னொரு முறைக்கு நான் கணினி பழுதுபார்க்கும் தரணியை அழைத்துப் போனேன். தரணி அவிநாசிப் பக்கத்துப் பையன். முப்பதைத் தொடப் போகிறவர். காலையிலிருந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக் கண்கள் சிவந்திருந்தன. வந்ததும் கணினிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு குருவிக்கூடு அளவுக்குப் பஞ்சு.

"திருப்பூருல எதைத் தொறந்தாலும் பஞ்சுதானுங்க. இதுல மைக்கு எப்படிங்க மூச்சு உடும்?" என்று ஊதித் துடைத்தார். ஒயர் சரியான துளையில் இருக்கிறதா என்று பார்த்தார். மைக்கைப் பயன்படுத்தக் கணினி அனுமதிக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் முறையாக இருந்தன. ஹெட்போனைத் தாமே மாட்டிக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றதும், திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு துள்ளியது. ராமுத்தாய்க்கு மாட்டினார். அவர் இருமினார்; அதற்கும் துள்ளியது.

"இப்ப நீங்க பேசுங்கண்ணா."

சோணைமுத்து மாட்டிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரு சோணைமுத்து, சார்" என்றார். பச்சைக் கோடு செத்துக் கிடந்தது.

"ஏனுங்க, உங்களைக் கண்டா மட்டும் இதுக்கு ஆகமாட்டேங்குதுங்களே!" தரணி தலையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி பேசச் சொன்னார். மறுபடியும் அதே கதை. நான்கு மணிக்கு அழைப்பு. மூன்றரை தாண்டியிருந்தது. தரணி இன்னொரு முறை பெட்டியைக் கழற்ற எழுந்தார்.

"தம்பி, அதக் கழட்டாதீங்க. அவரு கையப் பாருங்க" என்றார் ராமுத்தாய்.

பார்த்தோம். "பேசுங்க" என்று சொன்னதும் சோணைமுத்துவின் வலக்கை ஒயரைத் தொட்டது. கட்டைவிரல் அந்த மொச்சைப் பொத்தானை அழுத்தியது. பச்சைக் கோடு படுத்தது. அவர் பேசினார். பேசி முடித்ததும் கட்டைவிரல் மறுபடி அழுத்தியது. கோடு எழுந்து, அடுத்த வீட்டுத் தையல் இயந்திரத்தின் சத்தத்துக்கு ஆடத் தொடங்கியது. மைக்கை ஊமையாக்குவதற்கென்று வைத்த பொத்தான் அது.

"ஃபேன நிறுத்துற மாதிரி இதையும் நிறுத்திப்பிட்டுல்ல பேசுறாரு!" என்றார் ராமுத்தாய்.

"நான் எங்க அமுக்குனேன்?" என்று சோணைமுத்து உண்மையாகவே கேட்டார். தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது வேறு யாருடைய கையோ போலிருந்தது அவருக்கு.

தரணி சிரிக்கவில்லை. சிரிக்கும் தெம்பு அன்று அவரிடம் இல்லை. பார்சல் ஒட்டும் பழுப்பு நாடாவைக் கிழித்து, பொத்தான் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். "இனி அமுக்கவே முடியாதுங்கண்ணா. நீங்கபாட்டுக்குப் பேசுங்க."

நான்கு மணிக்கு மாதவன் திரையில் வந்தார். அவருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர். "அண்ணே, இன்னைக்காவது மைக் வேலை செய்யுதா? சார் உக்காந்திருக்காரு. இந்தப் படத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றார். திரை முழுவதும் சாம்பல் நிறத் துணி ஒன்று விரிந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு.

சோணைமுத்து ஒருமுறைதான் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் தோள்கள் இறங்கிய விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்தது. கை ஒயருக்குப் போனது. கட்டைவிரல் பழுப்பு நாடாவின் மேல் தடவியது, அழுத்தியது, மறுபடி அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை. உதடுகள் பிரிந்தன, மூடிக்கொண்டன.

"அண்ணே?"

தரணி கைகளை ஆட்டிப் பேசச் சொன்னார். நான் தலையசைத்தேன். பச்சைக் கோடு குறையின்றித் துள்ளிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் உறுமல், அடுத்த வீட்டுத் தையல், வீதியில் போகும் வண்டி எல்லாமே கென்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. சோணைமுத்துவின் நெற்றியில் வேர்வை திரண்டது. கை ஒயரை விட்டுவிட்டு மேசையின் விளிம்பில் எதையோ தேடியது. கோட்டுப் போட்டவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

அழைப்பு முடியும்வரை வாயே திறப்பதில்லை என்று எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார் ராமுத்தாய். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரை அண்டிச் சத்தமில்லாமல் நடந்துபோய் மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினார்.

இறக்கைகள் தளர்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றன. அறைக்குள் வெக்கை இறங்கியது.

"இது நூல் கோளாறு இல்லைங்க சார்" என்று சோணைமுத்து தொடங்கினார். "மெசின இடையில நிறுத்தியிருக்காங்க."

பச்சைக் கோடு துள்ளியது. அவர் மேலே மேலே பேசிக்கொண்டு போனார். ராமுத்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.