நாத்தனாருக்குப் போன மெயில்கள்

எங்கள் வீட்டு லேப்டாப், மகள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கொடுத்தது அவள் பெயருக்கு. ஆனால் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அது எல்லாருக்கும் பொது. பேட்டரி செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒயரைச் சொருகினால்தான் உயிர் வரும். சொருகுகிற இடம் சாமி படங்களுக்குக் கீழே இருக்கிறது. அதனால் அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு, லேப்டாப்பை அதன்மேல் வைத்து, உப்புக்காற்று படாமல் பழைய புடவைத் துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. மழைக்காலத்தில் பாத்தி எல்லாம் ஏரி மாதிரி தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. அப்போது நாள் பூராவும் அவர் அதில் பழைய பாட்டுக் கேட்பார். நான் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நோட்டீசை அதில் டைப் அடித்துக் கொடுப்பேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது மகள்தான். உப்பு சுமந்து காய்ந்துபோன என் விரலுக்கு அந்தத் தடவுகிற இடம் அசையவே அசையாது என்று ஒரு மவுசும் வாங்கி வந்தாள். பாசமான பிள்ளை. இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது என் பொறாமைக் கதை.

பொறாமை மகள்மேல் இல்லை. என் நாத்தனார்மேல்.

வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை அவள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். பொங்கலுக்கு வருவாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் என் மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அது எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இரண்டு பேரும் உப்பளத்து வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு பொழுது சாயும்வரை பேசுவார்கள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு நின்றுவிடும். "என்னங்க அண்ணி, நீங்களும் உக்காருங்க" என்பாள் நாத்தனார். உட்காருவேன். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள்.

மகளிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அதனால் லேப்டாப்பில் சொருகியே வைத்திருக்கிற நெட் டாங்கிளில்தான் அத்தைக்கு மெயில் எழுதுவாள். எழுதி முடித்ததும் ஒழுங்காக மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எழுதும்போது பின்னால் காபியோடு போனால் திரையைப் பாதி சாய்த்துக்கொள்வாள்.

"இன்னாடி அது?"

"காலேஜ் வேலைம்மா."

சரி என்று வந்துவிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் எதற்கும் பூட்டுக் கிடையாது. பீரோ சாவிகூட பீரோவிலேயே தொங்கும். பெற்ற பெண் என் முன்னால் எதையோ மூடுகிறாள்.

ஒரு சனிக்கிழமை. காலில் வெட்டுக்காயம் என்று நான் உப்பளத்துக்குப் போகவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் அந்தக் காயம் ஆறாது. மகளுக்குப் பாண்டிச்சேரியில் காலேஜ், ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. காலையில் கிளம்புவதற்கு முன்னால் அவசரமாக எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பட்டென்று கரண்டு போனது. லேப்டாப்பும் அணைந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, "ஐயோ" என்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. அம்மன் பாட்டுப் போடலாம் என்றுதான் நான் லேப்டாப்பைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான். முன்னால் திறந்திருந்ததைத் திரும்பத் திறக்கவா என்பது போல ஏதோ கேட்டது. அழுத்தினேன். அவளுடைய மெயில் அப்படியே வந்து நின்றது.

அந்த இடத்தில் மூடியிருக்க வேண்டும். மேலே சாமி படம். விளக்குக்கூட இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் மூடவில்லை.

முதலில் நின்றபடி படித்தேன். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று இரண்டு இல்லை, ஒரு வருஷத்து மெயில்கள். இவள் எழுதினது, அவள் எழுதினது என்று மாற்றி மாற்றி. காலேஜில் எந்தப் பெண்ணோடு சண்டை, எந்த வாத்தியார் இவளைத் திட்டினார், பஸ்ஸில் ஒருவன் இடித்ததற்கு இவள் அவன் காலை எப்படி மிதித்தாள், எல்லாம் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், "எப்படி இருந்துச்சு?" என்பேன். "இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான் எனக்கு. அத்தைக்கு மட்டும் பக்கம் பக்கமாக.

"உங்ககிட்ட சொன்னாத்தான், அத்தை, மனசு லேசாவுது" என்று ஒரு மெயிலில் எழுதியிருந்தாள். அதற்கு நாத்தனார், "என் தங்கமே, எப்ப வேணாலும் எழுது" என்று பதில் போட்டிருந்தாள். தங்கம் என்பது நான் கூப்பிடுகிற பெயர். பிறந்த அன்றைக்கு நான் வைத்தது. அதை எடுத்து அவள் எழுதியிருக்கிறாள். வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் அந்த மெயில் வந்தது.

"ரெண்டு பேப்பர் போயிடுச்சு அத்தை. அம்மா ரிசல்ட் கேட்டாங்க. பரவாயில்லம்மான்னு சொன்னேன். பாஸுன்னு நெனச்சுக்கினு கோயில்ல சக்கரைப் பொங்கல் வெச்சுட்டாங்க. எல்லாரும் என் கையிலதான் பிரசாதம் வாங்கினாங்க. நான் எப்படித்தான் முழுங்கினேனோ. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அதற்குக் கீழே நாத்தனார்: "சொல்ல மாட்டேன்டா. அண்ணி பாவம். நீ படி, நான் போன்ல சொல்லித் தரேன்."

பிள்ளை பெயிலானது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. 'அண்ணி பாவம்' என்பதில்தான் கண் நின்றது. என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பாவம் என்கிறாள்.

பதில் எழுதுகிற இடத்தை அழுத்தினேன். இன்றைக்கு நாத்தனாரைக் கேட்டுவிட வேண்டும் என்று. நான் எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுவேன், மளிகைச் சீட்டு ஆனாலும் சரி. கை தானாகப் போட்டது: உ. அதற்குக் கீழே, 'அவளைப் பெத்தது நீயா நானா' என்று எழுத நினைத்தேன். மேலே சுழி இருக்கிறது, கீழே அதை எழுத விரல் வரவில்லை. வைத்த விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, வீட்டுக்காரர் கஞ்சி குடிக்க வந்துவிட்டார். ஒயரைப் பிடுங்கிப் புடவைத் துண்டைப் போர்த்திவிட்டேன்.

சாயந்திரம் நாத்தனார் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.

"அண்ணி, எப்படி இருக்கீங்க? கால் பரவாயில்லயா? புள்ள நல்லா இருக்குதா?"

"உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?"

"இன்னாங்க அண்ணி இப்படி சொல்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மெட்ராஸ்ல இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். நாங்க உப்பு சொமக்கிறவங்க, எங்களுக்கு இன்னா தெரியும்?"

வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "வெயில் ஜாஸ்தி, அதான் இவ இப்படிப் பேசறா" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"அம்மா, இங்க வா."

போனேன். அனுப்பாமல் விட்ட மெயிலை அது தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. மேலே அத்தையின் பெயர். கீழே ஒரே ஒரு எழுத்து.

"அத்தை பேருக்கு ஒரு மெயில் கெடக்குதே, இது இன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? நேத்து கரண்டு போய்ப் போய் வந்துச்சு. அதுல அதுவா வந்திருக்கும்."

"கரண்டு வந்தா புள்ளையார் சுழி போட்டுக்கினா வரும்?"

வீட்டுக்காரர் சோப்பு முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ, மாட்டிக்கினியா! ஒங்க அம்மா இந்த ஊட்ல எதையும் சுழி இல்லாம எழுத மாட்டா. இன்னாத்துக்கு என் தங்கச்சிக்கு லெட்டரு?"

எனக்கு அவமானமாகிவிட்டது. அவமானத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, 'உன் பொண்ணு ரெண்டு பேப்பர் பெயிலு, அதுவாவது தெரியுமா உனக்கு' என்று. ஒரு வார்த்தை போதும், அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். தங்கச்சியும் அதை மறைத்தாள் என்று தெரிந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். இவளைக் காலேஜை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார். நாத்தனார் இந்த வீட்டு வாசப்படி ஏற முடியாது. அதுதானே எனக்கு வேண்டியிருந்தது?

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. அம்மை போட்டிருந்தபோது அவளை அந்த மாதிரி பார்த்திருக்கிறேன்.

"காலு எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சில்ல, அதுக்கு பதில் எழுதலாம்னு பாத்தேன்" என்றேன் அவரிடம். சாமி படத்துக்குக் கீழே நின்றுகொண்டு பொய் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கறி வாங்கக் கடைக்குப் போனார்.

அவர் வண்டி தெருமுனை தாண்டும்வரை நாங்கள் பேசவில்லை.

"எல்லாத்தயும் படிச்சியா?"

"படிச்சேன்."

"ஏம்மா?"

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல? பத்து மாசம் சொமந்தவ நானு. அவகிட்ட சொல்ற, எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரியும்."

"நான் யார்கிட்ட போய்ச் சொன்னேன்?"

"சாமிகிட்ட."

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். அர்ச்சனைத் தட்டு வாங்கும்போது பூசாரி, "இன்னா வேண்டுதல்?" என்று கேட்பார். அவருக்குக் காது மந்தம், உரக்கச் சொல்ல வேண்டும். அதை அவர் அம்மன் முன்னால் நின்று இன்னும் உரக்கச் சொல்வார். வரிசையில் நிற்கிற எல்லார் காதிலும் விழும். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை. என் அம்மாவும் அப்படித்தான் வேண்டிக்கொண்டாள்.

"பத்தாவது படிக்கறப்போ எனக்கு மூணு மாசம் தூரம் வரல. நீ கோயில்ல சொன்ன. மறுநாள் உப்பளத்துல எல்லா அக்காவும் என்னை நிக்க வெச்சு, 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு கேட்டாங்க. ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"நான் சாமிகிட்டதானேடி சொன்னேன்."

"சாமிகிட்டதான் சொன்ன. சாமிக்குப் பக்கத்துல நின்னவங்க?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. அவள் பாட்டுக்கு உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாள். நான் பூக்கூடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவள் விரல்கள் தட்டுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. எத்தனை எழுத்து என்று மனசு எண்ணப் பார்த்தது. எண்ண வேண்டாம் என்று அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே பூத் தொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"இன்னா வேண்டுதல்?" என்றார் பூசாரி.

"அம்மாவுக்குத் தெரியும்."

"ஆங்? சத்தமா சொல்லு."

"அம்மாவுக்குத் தெரியும்னு சொன்னேன்!"

"அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரிய வேணாமா?" என்று முணுமுணுத்தபடி தட்டை வாங்கினார். பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி என் இடுப்பில் இடித்தாள். "இன்னாக்கா, எங்களுக்குத் தெரியக்கூடாத வேண்டுதலா?" நான் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் மனசுக்குள் கேட்டது பரீட்சையைப் பற்றி இல்லை. என் பிள்ளை எதையாவது ஒன்றை முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். அது போதும் தாயே என்று கேட்டேன்.

நாலைந்து மாதம் போனது. அவள் எழுதும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை. காபியை ஆறினாலும் பரவாயில்லை என்று அடுப்படியிலேயே வைத்திருப்பேன். சில நாள் அவளே வந்து எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் நடந்தது ஏதாவது ஒன்று சொல்வாள். நான் குறுக்கே பேசாமல் கேட்பேன்.

போன வாரம் மீன் அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, அந்த ரெண்டு பேப்பரும் முடிஞ்சிடுச்சு. பாஸு."

கையெல்லாம் செதில். அப்படியே அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டேன். அவள் அதைத் தன் தோளில் துடைத்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லிட்டேன்மா."

நேற்று. அப்படியென்றால் நேற்று ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதே, சென்னையில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது. மாறிவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன், அப்படியேதான் எரிந்தது.

"நல்லது" என்றேன். "எத்தனை மார்க்கு?"

சொன்னாள். மீனை இன்னொரு தண்ணீர் விட்டு அலசினேன்.